இருபத்திரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடி

கல்பாக்கம் நகரியம்,
12.10.2003, ஞாயிற்றுக்கிழமை,
முற்பகல் 9.40.

மதிப்பிற்கும் அன்பிற்கும் ஒருங்கே உரிய சம்பத் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் ராகவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஜெகதாம்பாளும் நலம். மகள் சஹானா நாவலூர் அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகி, விடுதிச் சாப்பாட்டால் சற்று இளைத்திருப்பது நீங்கலாக நலம். கோவையில் தங்கள் நலத்தையும், ஞானம்பாள் அக்காவின் நலத்தையும், அக்காவின் இடது முழங்காலின் நலத்தையும் தனித்தனியே அறிய விரும்புகிறேன். சென்ற கடிதத்தில் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து விசாரித்தமைக்காக அக்கா தொலைபேசியில் பதினோரு நிமிடம் வருத்தப்பட்டார்.

இக்கடிதத்தைத் தாங்கள் இரு நிலைகளில் நின்று படிக்க வேண்டுகிறேன். முதலாவதாக, என் அக்காளின் கணவர் என்ற நிலை. இரண்டாவதாக, பேப்பர் கதீட்ரல் இரசிகர் மன்றத்தின் நிறுவனத் தலைவர் என்ற நிலை. இரண்டாம் நிலையில் சில பகுதிகள் தங்களுக்கு வருத்தம் தரக்கூடும். அப்போது முதல் நிலைக்கு மாறி, என்னை மன்னித்துவிட்டு, மீண்டும் இரண்டாம் நிலைக்கு வந்து மேலே படிக்கவும்.

தாங்கள் இடமாறிச் சென்று ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் சிலவற்றை நினைவூட்டுகிறேன். திருச்சியில் நாம் ஒரே விடுதியில் இருந்தபோது, சென்னை மூர் மார்க்கெட்டில் தாங்கள் தேடிப் பிடித்து, கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்த ஒரு பழைய இசைத்தட்டின் வாயிலாகத்தான் பேப்பர் கதீட்ரல் என்ற ஆங்கிலேய ராக் குழு நமக்கு அறிமுகமாயிற்று. 1972-இல் அவர்கள் வெளியிட்ட ‘சால்ட் அல்மனாக்’ என்ற அந்தத் தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. கடல், அலை, கடலுக்கடியில் மணி அடிக்கும் ஒரு தேவாலயம், நடுவில் ஏழு நிமிடம் ஆர்கன். இசைத்தட்டை அதன் சொந்தக்காரர் திரும்பக் கேட்டதால், 1974-இல் விடுதிக் காப்பாளரின் டேப் ரிக்கார்டரை ஒரு நாள் இரவல் பெற்று அதனைத் தாங்கள் கேசட்டில் பதிவு செய்தீர்கள். நம் மன்றத்தின் மூல நாடா அதுவே. 1986-இல் இங்கு மன்றத்தைத் தொடங்கியபோது என் வீட்டுக் கேசட் டெக்கில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, “ராகவா, விடுதியில் கேட்டதைவிட இப்போது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, பார். வயது ஏற ஏற நம் இரசனை ஆழமாகிறது” என்று தாங்கள் கூறியதை முதல் கூட்டத்தின் குறிப்பேட்டில் அப்படியே பதிவு செய்திருக்கிறேன். அந்தப் பாட்டின் நீளத்தையும் அன்றே நிறுத்து கடிகாரத்தால் அளந்து எழுதினேன். இருபத்திரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடி.

நம் மன்ற விதிகளில் மூன்று இங்குத் தேவைப்படும். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காதிருக்க, மூல நாடா செயலாளராகிய என் வீட்டை விட்டு வெளியே செல்லலாகாது, பிரதியும் எடுக்கலாகாது என்பது விதி மூன்று. 1978-க்குப் பின் அக்குழு வெளியிட்ட எதுவும் கூட்டங்களில் ஒலிக்கலாகாது என்பது விதி ஏழு. மீறுவோரைச் செயலாளர் நீக்கலாம் என்பது விதி பதினொன்று. இம்மூன்றையும் தாங்கள் வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் தட்டச்சு செய்தேன்.

விதி ஏழுக்கு நாம் அன்று கண்ட காரணம் வலுவானது. வானொலியில் நாம் கேட்ட பிற்காலத்து இசையில் எல்லாம் அவசரம். பாட்டுக்கு நான்கு நிமிடம், தாளத்திற்கு இயந்திரம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடகரின் குரல் மெலிந்துவிட்டது. வயதானால் குரல் தடிக்குமே தவிர மெலியாது. ஆகவே பழைய பாடகர் விலகி, அல்லது இறந்து, அவர் இடத்தில் யாரோ ஓர் இளைஞனை வைத்துக்கொண்டு உலகை ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தோம். 1997-இல் நான் வெளியிட்ட நான்காம் சுற்றறிக்கையில் இதனை வரைபடத்துடன் நிறுவியிருந்தேன்.

இப்பொழுது ஸ்டான்லி விவகாரத்திற்கு வருகிறேன்.

ஸ்டான்லியைத் தங்களுக்குத் தெரியும். சதுரங்கப்பட்டினத்துக்காரர், எங்கள் பணிமனையில் போர்மேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். நானும் அவரும் இருபத்தோரு ஆண்டுகளாக அலுவலகப் பேருந்தில் இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் ஒன்றாக அமர்ந்து சென்றவர்கள். ஜன்னல் அவருக்கு, ஓரம் எனக்கு. அவர் மைத்துனர் மாமல்லபுரத்தில் சிறிய விடுதி நடத்துகிறார். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது விட்டுச் செல்லும் கேசட்டுகள் ஒரு காலணிப் பெட்டியில் சேர்ந்து, அந்தப் பெட்டி ஸ்டான்லி வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வந்ததுதான் 1987-இல் பேப்பர் கதீட்ரல் வெளியிட்ட ‘மாடர்ன் வெதர்’. ஆறு ஆண்டுகளாக அதைப் போடலாம் என்று அவரும், போடலாகாது என்று நானும் பேருந்தில் பேசி வந்தோம். அது ஒரு நல்ல பழக்கமாகவே இருந்தது.

சென்ற ஜூலை 26 சனிக்கிழமைக் கூட்டத்திற்கு அவர் தம் சொந்த டேப் ரிக்கார்டரை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். நாங்கள் நால்வர். நான், ஸ்டான்லி, கிடங்குப் பிரிவில் பணியாற்றும் படாளம் சின்னையன், கூட்டத்தில் பெரும்பாலும் உறங்கிவிடும் சுப்பிரமணி. ஜெகதாம்பாள் வழக்கம்போல் வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். ஸ்டான்லி பஜ்ஜியைக்கூடத் தொடாமல் பையைப் பிரித்தார்.

“செயலாளர் சார், ஒரே ஒரு பாட்டு. நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. கேட்டுட்டு அப்பால திட்டு.”

“விதி ஏழு,” என்றேன்.

“உன் டெக்கு தீட்டுப்பட்டுடும்னுதான என் மிஷினைத் தூக்கிகினு வந்துகீறேன். கரண்டு மட்டும் குடு.”

“போடச் சொல்லுங்க சார், இன்னா ஆயிடப் போவுது. ஊசிப் போன பண்டமா?” என்றார் சின்னையன்.

நான் எழுந்து ஆட்சேபணை தெரிவிப்பதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. முடிந்ததும் தெரிவித்தேன். ஆட்சேபணையைப் பாட்டு ஓடும்போதே சொல்லியிருக்கலாமே என்று, அன்று பார்த்து விழித்திருந்த சுப்பிரமணி கேட்டார். சாட்சியம் முழுமையாகச் சேரும்வரை குறுக்கிடுவது முறையன்று என்று விளக்கினேன். பாட்டின் பொருள் யாதெனில், ஒருவன் வாடகை கட்ட இயலாமல் வீட்டைக் காலி செய்கிறான். பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறான். மனைவி சமையலறை விளக்கை அணைக்க மறந்துவிட்டாள் என்று திரும்பிப் போகிறான். அவ்வளவுதான். கடலும் இல்லை, தேவாலயமும் இல்லை.

“இதுவா பேப்பர் கதீட்ரல்?” என்று கேட்டேன்.

“பின்ன? இருவத்தஞ்சு வயசுல கடலுக்குள்ள மணி அடிக்குதுன்னு பாடுனான், சரி. நாப்பதுலயும் அதையே பாடிகினு இருந்தா அவன் பொண்டாட்டி சோறு போடுவாளா? வூட்டு வாடகையைப் பத்திப் பாடறதுக்குத் தில்லு வோணும் சார்.”

“பாடுவது அவன் அல்லன். இது வேறு குரல்.”

“அதே ஆளு சார். அட்டையில பேர் கீது பாரு.”

“அட்டையில் எதையும் அச்சடிக்கலாம். குரலை அச்சடிக்க முடியாது.”

“வயசாயிடுச்சி சார் அந்த ஆளுக்கு. உனக்கும் எனக்கும் ஆவலையா? நீ மட்டும் எழுவத்திரண்டுலயே டேரா போட்டுகினு குந்தினுகீற.”

அத்தான், அப்போது நான் விதி பதினொன்றைப் படித்தேன். முழுவதும் படித்தேன். நடுவில் யாராவது தடுப்பார்கள் என்று இரண்டு இடங்களில் நிறுத்தியும் பார்த்தேன். சின்னையன் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பிரமணி தூங்கிவிட்டார். ஸ்டான்லி டேப் ரிக்கார்டரின் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்து, “சரிங்க செயலாளர் சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அன்று முதல் அவர் பேருந்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஐம்பத்து இரண்டு வேலை நாட்களாக ஜன்னலோரம் காலியாகவே செல்கிறது. காலியிடம் என்று எவரேனும் வந்து அமர முற்பட்டால், அங்கே என் பையை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பை சிறியது. ஆகஸ்டு மாதக் கூட்டத்திற்குச் சின்னையன் வரவில்லை. கேட்டதற்கு, “ஸ்டான்லி அண்ணாத்த இல்லாத மீட்டிங்கு ரேஷன் கடை மாதிரி கீது சார். கையெழுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதான்” என்றார். செப்டம்பர் கூட்டத்தில் நானும் உறங்கும் சுப்பிரமணியும் இருந்தோம். இருபத்திரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடியும் நான் ஒருவனே கேட்டேன். ஜெகதாம்பாள் பஜ்ஜி போடவில்லை. “ரெண்டு பேருக்கு எண்ணெய் காய வைக்க மனசு வரலீங்க” என்றாள். அவளுக்கும் ஸ்டான்லியின் மனைவி ரெபேக்காளுக்கும் மட்டும் போக்குவரத்து வழக்கம்போல் நடக்கிறது. கருவாடு வருகிறது, முறுக்கு போகிறது. எங்களைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதாகவும் அறிகிறேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டதற்கு, “சிரிச்சோம்” என்று மட்டும் சொன்னாள்.

நீக்கல் உத்தரவின் நகலைத் தங்கள் ஒப்புதலுக்கு நான் இன்னும் அனுப்பவில்லை. தகுந்த அளவில் உறை கிடைக்கவில்லை.

இது இவ்வாறிருக்க, சென்ற ஞாயிறன்று எனக்கு ஐம்பது வயது நிறைந்தது. சஹானா நாவலூரிலிருந்து வந்து, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்தாள். பிரித்தால், ‘சால்ட் அல்மனாக்’ குறுந்தகடு. புதிதாக மெருகேற்றி மறுவெளியீடு செய்தது. இருபத்தொன்பது ஆண்டுகளில் அதன் உண்மையான மேலட்டையை அன்றுதான் முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன். விடுதியில் அட்டையின் மேல் தாங்கள் எப்போதும் தேநீர்க் குவளையை வைத்திருப்பீர்கள். கண் கலங்கிற்று என்று எழுதுவது மிகையாகும். கண்ணாடியைத் துடைத்தேன்.

அவள் தன் கையடக்கக் கருவியில் அதைச் சுழலவிட்டாள். ஓடிற்று, அத்தான். பாட்டு ஓடிற்று. செங்கல்பட்டில் ஆறரை மணி மின்சார இரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல் ஓடிற்று. அலை அடித்து முடிவதற்குள் அடுத்த அலை வந்தது. கடலுக்கடியில் இருந்த தேவாலயத்தில் தீப்பிடித்தாற்போல் மணி அடித்தது. பாடகர் வாய் திறந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மெலிந்த குரல். வாடகை கட்ட முடியாதவனின் அதே குரல்.

“மோசடி. புதிய ஆளை வைத்துப் பழைய பாட்டை மறுபடியும் பாடிப் பதிவு செய்து விற்கிறார்கள்,” என்றேன்.

“அப்பா, இது ஒரிஜினல் டேப்ல இருந்து எடுத்தது. பின்னாடி போட்டிருக்கான் பாருங்க,” என்றாள் சஹானா.

நான் பின்னால் பார்க்கவில்லை. மேசையில் அமர்ந்து இலண்டன் நிறுவனத்திற்குப் புகார்க் கடிதம் வரைந்தேன். மூன்றாம் பத்தியில், மூலப் பாட்டின் நீளம் 22 நிமிடம் 54 விநாடி, தங்கள் போலியின் நீளம் எவ்வளவு என்று எழுதுவதற்காக நிறுத்து கடிகாரத்துடன் மறுபடி கேட்டேன். சரியாக இருபத்தொரு நிமிடம். ஜெகதாம்பாள் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுலயும் இருபத்தொண்ணுன்னுதான் போட்டிருக்கு. எழுபத்திரண்டுல வந்த பழைய அட்டையோட படமும் சின்னதா உள்ள போட்டிருக்கான். அதுலயும் இருபத்தொண்ணு. அப்ப அதிகப்படி ரெண்டு நிமிஷம் யாருது?” என்றாள்.

அத்தான், இருபத்தாறு ஆண்டுகளாக அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிப்பதே என் தொழில். எங்கள் மையத்தில் ஒரு வெப்பமானி கால் பாகை தவறினால் என் மேசைக்கு வருகிறது. அந்த மேசைக்குரியவனிடம் இக்கேள்வியைச் சமையலறைக் கரண்டியுடன் நின்றபடி கேட்டாள்.

கணக்குப் போட்டேன். நம் மூல நாடா நூற்றுக்கு எட்டுப் பங்குக்குச் சற்று மேலாக மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடினால் தாளம் கம்பீரமாகும், குரல் தடிக்கும், சுருதி ஒன்றிலிருந்து நழுவி அடுத்த இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும். இவ்விடத்தில் எனக்கு 1991 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஸ்டான்லி தம் கீபோர்டை எங்கள் கூட்டத்திற்குக் கொண்டுவந்து, மூல நாடாவோடு சேர்ந்து வாசிக்க முயன்று, “இது இன்னா சார் பேஜாரா கீது, வெள்ளைக் கட்டையிலயும் சேர மாட்டேங்குது, கறுப்புக் கட்டையிலயும் சேர மாட்டேங்குது. ரெண்டுக்கும் நடுவுல சந்துல நிக்குது” என்றார். சாதாரணக் காதுகளுக்கு எட்டாத சுரத்தை அக்குழு கண்டறிந்திருக்கிறது என்று நான் ஒரு மணி நேரம் உரையாற்றினேன். குறிப்பேட்டில், ‘உறுப்பினர் ஸ்டான்லிக்குக் காதுப் பயிற்சி போதாது’ என்று எழுதி அவரையே கையெழுத்திடவும் வைத்தேன். அவர் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்தை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு சிறிய காதின் படம் வரைந்திருக்கிறார்.

ஆக, பாடகர் ஒருவரே. அவர் மாறவில்லை, சாகவும் இல்லை. குழு அவசரப்படவும் இல்லை, அவர்கள் தொடக்கத்திலிருந்தே அந்த வேகத்தில்தான் இருந்திருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகள் விதி ஏழு நின்றது ஒரு பிழையின் மீது. அப்பிழை எங்கே நேர்ந்தது என்பதே கேள்வி.

டெக்கு பழசாயிற்றே, அதுவாக இருக்கலாமே என்றாள் ஜெகதாம்பாள். அதற்கு வாய்ப்பே இல்லை. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம், சமையலறைத் தராசு, காய்ச்சல் பார்க்கும் கருவி ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நானே சரிபார்த்துப் பச்சை வில்லை ஒட்டுவது தங்களுக்குத் தெரியும். டெக்கின் நெற்றியிலும் பச்சை வில்லை இருக்கிறது. ஆகவே டெக்கை விலக்கிவிடலாம். எஞ்சுவது ஒன்றே. மரியாதைக் குறைவாக எண்ணற்க. 1974-இல் தாங்கள் இரவல் வாங்கிய காப்பாளரின் டேப் ரிக்கார்டர் வேகமாக ஓடியிருக்கிறது. வேகமாக ஓடும் கருவியில் பதிவானது, சரியாக ஓடும் கருவியில் மெதுவாகத்தான் ஒலிக்கும். தாங்கள் அதைச் சோதிக்கவில்லை. அக்காலத்தில் தாங்கள் எதையுமே சோதிப்பதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அக்காவைப் பாடச் சொல்லாமலே சம்மதித்தவர் தாங்கள். அம்முடிவு நன்றாக அமைந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் அவ்வாறு அமையும் என்று கொள்ளலாகாது.

எனவே என் விண்ணப்பம். இத்துடன் மும்மடிப் படிவம் ஒன்று இணைத்துள்ளேன். மூல நாடா பிழையானது என்பதையும், அப்பிழை பதிவின்போது நேர்ந்தது என்பதையும், ஆதலின் விதி ஏழு தொடக்கம் முதலே செல்லாது என்பதையும், செல்லாத விதியை மீறியதாக ஒருவரை நீக்கியதும் செல்லாது என்பதையும் அறிவித்து, தலைவர் என்ற முறையில் பென்சிலால் குறியிட்ட இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பவும். அக்டோபர் 25 கடைசிச் சனிக்கிழமை. தீபாவளிக்கு மறுநாள். அன்றைய கூட்டத்திற்குள் படிவம் கிடைத்தால், அதைக் காட்டி ஸ்டான்லியை முறைப்படி அழைக்கலாம். நான் நேரில் போய்க் கூப்பிட்டால் என்ன என்று ஜெகதாம்பாள் கேட்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. படிவம் கையில் இருந்தால் படிவத்தைக் கொடுக்கலாம். அவர் படிப்பார். அதற்குள் பேருந்து அலுவலக வாசலுக்கு வந்துவிடும்.

இதற்கு மேல் எழுதுவது முறையன்று. அக்காவின் முழங்காலுக்கு நொச்சித் தைலம் சின்னையன் வாயிலாகப் படாளத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், வருவோரிடம் கொடுத்தனுப்புவேன். தீபாவளி தங்கள் இல்லத்தில் எண்ணெய் மணமும் சிரிப்புமாகக் கழிய வேண்டும் என்றும், வெடிச்சத்தம் இரத்த அழுத்தத்தைத் தொடாமல் போக வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கங்களும், சிறியவர்களுக்கு ஆசிகளும், இரண்டிலும் சேராத தங்கள் பக்கத்து வீட்டு வழக்கறிஞருக்கு நல்வாழ்த்துகளும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனனும் மன்றச் செயலாளனுமாகிய,
ச. ராகவன்.

பின்குறிப்பு. 14.10.2003, செவ்வாய், காலை 7.05. மேற்கண்ட அனைத்தையும் தாங்கள் பெறாததாகக் கருதிவிடவும். படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே பேனாவை எடுத்திருந்தால் கீழே வைத்துவிடவும்.

நடந்தது இது. நேற்றுக் காலை இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் எண்ணத்துடன் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பேருந்து புறப்படுகிற சமயம் ஸ்டான்லி ஏறினார். கடைசி வரிசைக்குப் போகிறவர், உறையின் மேல் தங்கள் பெயரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“சம்பத் சாருக்கா? என்னைப் பத்தியா?”

“ஆம்.”

“போட்டுக் குடுக்கிறியா, புகழ்றியா?”

மன்ற அலுவல் கடிதத்தை மூன்றாம் நபரிடம் காட்டுவது முறையன்று. ஆயினும் உறை இன்னும் ஒட்டப்படவில்லை. கொடுத்தேன். அவர் என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் படித்தார். காதுப் படம் வந்த இடத்தில் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு, “எல்லாம் சரி. டெக்கை டெஸ்ட் பண்ணியா?” என்றார்.

“பச்சை வில்லை இருக்கிறது.”

“வில்லை கீது. இன்னாத்த செக் பண்ணி வில்லை ஒட்டுன?”

ஒலிமுனையை ஸ்பிரிட்டால் துடைத்ததையும், மின்னழுத்தத்தை அளந்ததையும், இடம் வலம் சமமாக ஒலிக்கிறதா என்று பார்த்ததையும் சொன்னேன்.

“ஓட்ற வேகத்த?”

அத்தான், நான் வெளியே பார்த்தேன். அந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, வெறும் சவுக்குத் தோப்புதான்.

நேற்று மாலை ஐந்து ஐம்பதுக்கு ஸ்டான்லி அதே மஞ்சள் பையுடன் வந்தார். “உன் நாடா வூட்ட வுட்டு வெளிய போவக் கூடாது, அவ்ளோதான? மிஷின் உள்ள வரலாம்” என்று தம் டேப் ரிக்கார்டரில் மூல நாடாவைப் போட்டார். இருபத்தொரு நிமிடம். தங்கள் பதிவு பழுதற்றது. காப்பாளரின் கருவியும் பழுதற்றது. என் டெக்கைத் திறந்து பார்த்தோம். மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் இரப்பர் பட்டை 1985-இல் அறுந்தபோது, செங்கல்பட்டு இரயில் நிலையத்திற்கு எதிரே ஒரு கடையில் நானே வாங்கி நானே மாட்டிய பட்டை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. நம் இரசனையின் ஆழம் அதுதான். நாடா வீட்டைத் தாண்டாமலும், புதிய இசை டெக்கைத் தீண்டாமலும் நானே விதி எழுதிக் காவல் காத்ததால், பதினேழு ஆண்டுகளாக ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுந்து நின்றேன். தொடக்க வாக்கியத்தைத் தயாரித்தும் வைத்திருந்தேன். ஸ்டான்லி, “குந்து, குந்து. அப்பால கேட்டுக்கலாம். இப்ப இன்னொண்ணு பாப்போம்” என்று ‘மாடர்ன் வெதர்’ கேசட்டை எடுத்து என் டெக்கில் போட்டார். விதி ஏழைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அத்தான், வாடகைப் பாட்டு மெதுவாகத் தொடங்கிற்று. குரல் தடித்து, நிதானமாக, நம் பழைய பாடகரின் குரலாகவே வந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக, அவசரமின்றி, வண்டியில் ஏற்றினான். சமையலறை விளக்கை அணைக்கத் திரும்பிப் போனபோது, அந்த வீடு கடலுக்கடியில் இருப்பதுபோலவே இருந்தது. நான்கு நிமிடம் முப்பத்து நான்கு விநாடி. ஜெகதாம்பாள் கரண்டியுடன் வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ராகவா,” என்றார். ஜூலைக்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை. “இது இன்னாய்யா இது. ஆறு வருசமா இத்த நான் தப்பாக் கேட்டுகினு இருந்துகீறேன். அந்தப் பட்டைய மாத்திடாத.”

ஸ்டான்லியை மீண்டும் சேர்ப்பது பற்றிக் கேட்டேன். நீக்கல் உத்தரவில் முப்பது நாட்களுக்குள் தலைவர் கையெழுத்திடாவிட்டால் அது தானே காலாவதியாகும் என்று விதி பதினொன்றின் கடைசி வரியை அவர் எடுத்துக் காட்டினார். அவ்வரியைத் தட்டச்சு செய்தவன் நான். “நீ கவரு வாங்கல, சம்பத் சாருக்கு ஆர்டர அனுப்பலன்னு ரெபேக்காள் அப்பவே சொல்லிச்சி. நான் எங்க போனேன், திரும்பி வர்றதுக்கு? பின்னாடி சீட்ல கொஞ்சம் காத்து வாங்கினேன்” என்றார். இதை ஜெகதாம்பாள் வாயிலாக ரெபேக்காளும், ரெபேக்காள் வாயிலாக ஸ்டான்லியும் பதினோரு வாரங்களாக அறிந்திருக்கிறார்கள். அறியாதவன் செயலாளர் ஒருவனே.

ஆகவே விதி ஏழு திருத்தப்பட்டுள்ளது. பேப்பர் கதீட்ரலின் முற்கால, பிற்கால இசை யாவும் இனி மன்றத்தில் ஒலிக்கலாம், ஆனால் செயலாளர் வீட்டு டெக்கில் மட்டுமே ஒலிக்க வேண்டும். சஹானா கொடுத்த குறுந்தகட்டையும் ஸ்டான்லியின் டேப் ரிக்கார்டரில் கேசட்டாகப் பதிந்து, என் டெக்கிலேயே கேட்பதாக முடிவு. பட்டை அறுந்தால் அதே கடையில் அதே பட்டைதான் வாங்க வேண்டும் என்றும், வாங்கும்போது சரியாக இருக்கிறதா என்று யாரும் சோதிக்கலாகாது என்றும் இருவர் ஒருமனதாகத் தீர்மானித்தோம். டெக்கின் நெற்றியிலிருந்த பச்சை வில்லையை உரித்துவிட்டு, பிழையான கருவிகளுக்குரிய சிவப்பு வில்லையை ஒட்டியிருக்கிறேன். அதில் என் கையாலேயே எழுதியிருப்பது: ‘நூற்றுக்கு எட்டுப் பங்கு தவறு. திருத்த வேண்டாம்.’

ஏழு ஐம்பதுக்குப் பேருந்து. ஜன்னலோரத்துக்காரர் கீழே நின்று கூப்பிடுகிறார்.